தைராய்டு செல்கள் சைட்டோகைன்களுக்கு என்ன பதில் சொல்கின்றன? ஆய்வகத்தில் சோதித்தறியும் முறை

உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோயுற்ற ஒருவரின் தைராய்டுத் திசுவை மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், கூழ்மம் நிறைந்து வட்டவட்டமாக இருக்க வேண்டிய நுண்ணறைகள் சுருங்கிச் சிதைந்திருப்பதும், அவற்றின் இடைவெளிகளில் கேழ்வரகைக் கொட்டிவைத்தாற்போல் லிம்ஃபோசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் திரண்டிருப்பதும் தெரியும். 1912இல் ஜப்பானியரான ஹகாரு ஹாஷிமோட்டோ, நான்கு பெண்களின் தைராய்டுத் திசுவில் தாம் கண்ட இந்தக் காட்சியை ஜெர்மன் மொழியில் எழுதி வெளியிட்டார். லிம்ஃபோசைட்டுகள் தாக்குகின்றன, தைராய்டு செல்கள் மடிகின்றன என்றே அந்தக் காட்சியை முதலில் படிக்கத் தோன்றும். ஆனால் தைராய்டு செல் வெறுமனே அடி வாங்கிக்கொண்டிருப்பதில்லை. லிம்ஃபோசைட்டுகள் வெளியிடும் சைட்டோகைன் என்னும் சைகைப் புரதங்களுக்கு அது பதில் சொல்கிறது. அந்தப் பதில் சில வேளைகளில் மேலும் பல லிம்ஃபோசைட்டுகளை அழைத்து வருவதாகவும் அமைந்துவிடுகிறது.

அந்தப் பதிலைச் செல் வளர்ப்பில் எப்படிக் கேட்டறிவது என்பதை, செல் வளர்ப்பின் அடிப்படைகள் ஏற்கனவே கைவந்த முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இந்தச் சோதனையில் நுட்பமான கருவிகளை இயக்குவது கடினமன்று. பதில் சொன்னது தைராய்டு செல்தானா, அதற்கு அருகிலிருந்த வேறொரு செல்லா, கரைசலில் கலந்திருந்த மாசா என்று பிரித்தறிவதுதான் கடினம். கீழே வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவை.

கேள்வியை முதலில் குறுக்கிக்கொள்ளுங்கள்

சைட்டோகைன்கள் தைராய்டு செல்லில் ஏற்படுத்தும் மாற்றங்களை மூன்று வகையாகப் பார்க்கலாம். முதலாவது, செல் நோயெதிர்ப்பு மண்டலத்தோடு பேசத் தொடங்குவது. இன்டர்ஃபெரான் காமா செல்லின் வெளிப்புற ஏற்பியைத் தொட்டதும் ஜாக்-1, ஜாக்-2 நொதிகள் விழித்து ஸ்டாட்-1 புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. ஸ்டாட்-1 உட்கருவுக்குள் சென்று ஐஆர்எஃப்-1, சிஐஐடிஏ ஆகிய மரபணுக்களைத் தூண்டுகிறது. முடிவில், புரதத் துணுக்குகளை டி-செல்கள் என்னும் லிம்ஃபோசைட்டு வகைக்குக் காட்டுவதும், இயல்பான தைராய்டு செல்லில் காணப்படாததுமான எச்எல்ஏ-டிஆர் என்னும் மூலக்கூறு செல்லின் மேற்பரப்பில் தோன்றுகிறது. இதே வழியில் சிஎக்ஸ்சிஎல்-10 என்னும் கீமோகைனும் சுரக்கிறது. சிஎக்ஸ்சிஆர்-3 ஏற்பியைத் தாங்கிய டி-செல்களை, அதாவது இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கும் அதே வகைச் செல்களை, அது ஈர்க்கிறது. இப்படியாக ஒரு சுழற்சி முழுமை பெறுகிறது.

இரண்டாவது, செல் தன் தொழிலைக் கைவிடுவது. சோடியம்-அயோடைடு கடத்திப் புரதம், தைரோகுளோபுலின், தைராய்டு பெராக்சிடேஸ் ஆகிய மூன்றும் இல்லாமல் ஹார்மோன் உற்பத்தி நடக்காது. இன்டர்லூக்கின்-1 பீட்டா, டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்ஃபெரான் காமா ஆகியவை, தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோன் கொடுக்கும் ஊக்கத்தையும் மீறி, இவற்றின் வெளிப்பாட்டைக் குறைக்கின்றன. மூன்றாவது, செல் இறப்புக்கு ஆயத்தமாவது. ஃபாஸ் என்னும் இறப்பு ஏற்பி பற்றிய நீண்ட விவாதம் இதைச் சேர்ந்தது.

மூன்றையும் ஒரே சோதனையில் அளந்துவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற செல் வேறு, காலம் வேறு, வளர்ப்புத் தட்டில் வைக்கும் ஒப்பீட்டுக் குழி வேறு. ஒன்றைத் தேர்ந்துகொண்டு தொடங்குவதே நல்லது.

எந்தச் செல்லை எடுப்பது

எலியின் தைராய்டிலிருந்து உருவாக்கப்பட்டு 1980இல் வெளியுலகுக்கு வந்த எஃப்ஆர்டிஎல்-5 என்னும் செல்வழி இன்றும் பயனுள்ளது. அது டிஎஸ்எச்சுக்குக் கட்டுப்படும், அயோடைடை உள்ளிழுக்கும், தைரோகுளோபுலினைச் சுரக்கும். செல்லின் தொழில் குறைகிறதா என்பதே உங்கள் கேள்வி என்றால் இதைவிட வசதியானது வேறில்லை.

மனிதத் தைராய்டிலிருந்து எடுத்து, எஸ்வி-40 வைரசின் மரபணுவைப் புகுத்தி அழியாமல் பெருகும்படி செய்த என்தை-ஓரி 3-1 என்னும் செல்வழியைப் பலரும் நாடுகிறார்கள். வளர்ப்பது எளிது என்பதே காரணம். ஆனால் அது தைராய்டுக்கே உரிய தொழில்களைப் பெரும்பாலும் மறந்துவிட்ட செல். சைகைப் பாதைகளைப் பார்ப்பதற்கு அது போதும். அயோடைடு உள்ளிழுப்பு குறைந்ததா என்று அதனிடம் கேட்பதில் பொருளில்லை, ஏனெனில் குறைவதற்கு அங்கே முதலில் ஏதேனும் இருக்க வேண்டும்.

தைராய்டுப் புற்றுநோய்ச் செல்வழிகளை எடுப்பவர்கள் ஒரு பழைய செய்தியை மறக்கக்கூடாது. 2008இல் அத்தகைய 40 செல்வழிகளின் டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவற்றுள் 23 மட்டுமே தனித்தன்மை உடையவை என்று தெரியவந்தது. பல ஆண்டுகள் தைராய்டுச் செல் என்று நம்பப்பட்ட ஏஆர்ஓ, உண்மையில் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்லாக இருந்தது. ஆகவே பக்கத்து ஆய்வகத்திலிருந்து குழாயில் வாங்கி வரும் எந்தச் செல்லையும் எஸ்டிஆர் என்னும் டிஎன்ஏ ஒப்பீட்டு முறையில் அடையாளம் சரிபார்த்த பிறகே பயன்படுத்துங்கள். மைக்கோபிளாஸ்மா தொற்று இருக்கிறதா என்பதையும் அதே வாரத்தில் பார்த்துவிடுங்கள், அந்தத் தொற்றே சைட்டோகைன் பாதைகளைத் தூண்டிவிடும்.

எச்எல்ஏ-டிஆர், கீமோகைன், ஃபாஸ் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளுக்கு, அறுவை மருத்துவத்தில் அகற்றப்பட்ட மனிதத் திசுவிலிருந்து நேரடியாகப் பிரித்தெடுத்த முதன்மைச் செல்களே சிறந்தவை. நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் நோயாளியின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் கிடைத்த பிறகே திசுவைத் தொட வேண்டும். கட்டியிருந்த மடலுக்கு எதிர்ப்பக்க மடலில் உள்ள, நோய்க்குறியியல் வல்லுநர் இயல்பானது என்று உறுதிசெய்த திசுவை ஒப்பீட்டுக்கு எடுப்பது வழக்கம். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயுற்றவரின் திசு என்றால், அவர் எந்த மருந்தை எவ்வளவு காலம் உட்கொண்டார் என்பதைக் குறித்து வையுங்கள். அந்நோய்க்குத் தரப்படும் மெத்திமசோல் என்னும் மருந்து, ஹார்மோன் உற்பத்தியைத் தடுப்பதோடு நிற்பதில்லை. இன்டர்ஃபெரான் காமாவால் எஃப்ஆர்டிஎல்-5 செல்களில் தோன்றும், எச்எல்ஏ-டிஆரின் குடும்பமான எம்எச்சி மூலக்கூறுகளை அது குறைக்கிறது என்பது ஆய்வில் காணப்பட்டது. அதாவது நீங்கள் அளக்க நினைக்கும் பதிலை அந்த மருந்து முன்கூட்டியே மாற்றி வைத்திருக்கலாம்.

திசுவிலிருந்து செல்லுக்கு

அறுவை அரங்கிலிருந்து வரும் திசுவைக் குளிர்ந்த உப்புக் கரைசலில், பனிக்கட்டியின் மேல் வைத்துக் கொண்டுவர வேண்டும். கொழுப்பையும் இணைப்புத் திசுவையும் பொறுமையாக நீக்கிவிட்டு, எஞ்சியதை ஒரு மில்லிமீட்டர் துணுக்குகளாகக் கத்தரியால் நறுக்குங்கள். இரத்தம் தெளியும்வரை அலசிய பின், கொலாஜினேஸ் நொதிக் கரைசலில் 37 டிகிரி செல்சியஸில் மெதுவாக ஆட்டிக்கொண்டே ஏறக்குறைய ஒரு மணி நேரம் வைக்கலாம். நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவுசெய்யாமல், பத்து நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். தனித்தனிச் செல்களாகப் பிரியும்வரை காத்திருப்பது தவறு. நாவற்பழக் கொத்துப்போல் நுண்ணறைத் துண்டுகள் மிதக்கும் நிலையிலேயே நொதியை நிறுத்த வேண்டும். அந்தத் துண்டுகளில் ஏறக்குறைய முழுவதும் தைராய்டு செல்களே இருக்கும், தனியாக மிதப்பவற்றிலோ ஃபைப்ரோபிளாஸ்டுகள் என்னும் இணைப்புத் திசுச் செல்களும் லிம்ஃபோசைட்டுகளும் இரத்தச் செல்களும் கலந்திருக்கும்.

வலையில் வடிகட்டி, மிகக் குறைந்த வேகத்தில் மையவிலக்கினால் கனமான துண்டுகள் அடியில் தங்கிவிடும். இதை இரண்டு மூன்று முறை செய்து தட்டில் இட்டு, மறுநாளும் அதற்கு மறுநாளும் ஊடகத்தை மாற்றும்போது ஒட்டாத லிம்ஃபோசைட்டுகள் நீங்கிவிடும். ஹாஷிமோட்டோ திசுவில் அவை அவ்வளவு எளிதில் போவதில்லை என்பதால், வெள்ளணுக்களுக்குரிய சிடி-45 குறியத்தைத் தாங்கிய செல்கள் எத்தனை விழுக்காடு எஞ்சியிருக்கின்றன என்று, செல்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் எண்ணிப் பதிவுசெய்ய வேண்டும். சில லிம்ஃபோசைட்டுகள் எஞ்சினாலும் அவை இன்டர்ஃபெரானைச் சுரந்துகொண்டிருக்கும். அப்போது நீங்கள் ஒன்றும் சேர்க்காத ஒப்பீட்டுக் குழியும் சைட்டோகைன் சேர்த்த குழிபோலவே நடந்துகொள்ளும்.

இதைவிடப் பெரிய தொல்லை ஃபைப்ரோபிளாஸ்டுகள். அவை தைராய்டு செல்களைவிட வேகமாகப் பெருகுபவை, சைட்டோகைன் பட்டால் சிஎக்ஸ்சிஎல்-10ஐயும் இன்டர்லூக்கின்-6ஐயும் தாராளமாகச் சுரப்பவை. மூன்றாவது நான்காவது முறை மாற்றி நட்ட வளர்ப்பில் பெரிய கீமோகைன் அளவு கிடைத்தது என்று ஒருவர் மகிழ்ந்தால், அது யாருடைய சுரப்பு என்று கேட்க வேண்டும். முதல் அல்லது இரண்டாவது நடவுக்குள் சோதனையை முடித்துவிடுவதே பாதுகாப்பு. தைராய்டு செல்லின் குறியங்களான சைட்டோகெராட்டின், தைரோகுளோபுலின், டிடிஎஃப்-1 ஆகியவற்றுக்குச் சாயமேற்றி அடையாளத்தை உறுதிசெய்யுங்கள். விமென்டின் இருந்தால் அது ஃபைப்ரோபிளாஸ்ட் என்று முடிவுகட்டிவிட வேண்டாம், தைராய்டு நுண்ணறைச் செல்களிலும் விமென்டின் இருப்பது வழக்கமே. அதே திசுவிலிருந்து ஃபைப்ரோபிளாஸ்டுகளைத் தனியே வளர்த்து, அவற்றையும் ஒரு தட்டில் இணையாகச் சோதித்தால் பாதி ஐயங்கள் தீரும்.

ஊடகத்தில் ஒளிந்திருக்கும் மருந்து

எஃப்ஆர்டிஎல்-5 வளர்க்கும் ஊடகத்தில் டிஎஸ்எச், இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், சொமாட்டோஸ்டாட்டின், கிளைசில்-ஹிஸ்டிடில்-லைசின், ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் ஆறு பொருட்கள் சேர்வதால் அதற்கு '6எச்' என்று பெயர். டிஎஸ்எச்சை விலக்கினால் '5எச்'. முதன்மை மனிதச் செல்களுக்கும் பலர் இதையே பயன்படுத்துகிறார்கள். பட்டியலின் கடைசியில் உள்ள ஹைட்ரோகார்ட்டிசோனைக் கவனியுங்கள். அழற்சியைத் தணிக்க மருத்துவர்கள் கொடுக்கும் ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது அது. டிஎன்எஃப்-ஆல்ஃபாவும் இன்டர்லூக்கின்-1 பீட்டாவும் பெரிதும் நம்பியிருக்கும் என்எஃப்-கப்பா-பி பாதையை அடக்குவதே அதன் வேலை. செல்லுக்கு அழற்சித் தூண்டலும் அழற்சித் தடுப்பு மருந்தும் ஒரே குழியில் கொடுத்துவிட்டு, பதில் மெலிதாக இருக்கிறது என்று வருந்துவதில் பயனில்லை. சைட்டோகைன் சேர்ப்பதற்கு 24 மணி நேரம் முன்பே ஹைட்ரோகார்ட்டிசோன் இல்லாத ஊடகத்துக்குச் செல்களை மாற்றுங்கள், சீரத்தின் அளவையும் அப்போது குறைத்துவிடலாம். நீக்கியதை முறைகள் பகுதியில் எழுதவும் வேண்டும். எழுதாத பல கட்டுரைகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றின் முடிவுகள் ஏன் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

டிஎஸ்எச் பற்றி இரண்டு நிலைகளும் தேவை. செல்லின் தொழில் குறைவதைக் காண வேண்டுமானால், முதலில் அது தொழில் செய்துகொண்டிருக்க வேண்டும். ஆகவே சில நாட்கள் 5எச் ஊடகத்தில் பட்டினி போட்டு, பிறகு டிஎஸ்எச்சைத் தனியாகவும் சைட்டோகைனுடன் சேர்த்தும் கொடுத்து ஒப்பிட வேண்டும்.

சைட்டோகைனைக் கையாளுதல்

எத்தனை கவனமாகச் செய்தாலும் ஒரே சொல்லில் எல்லாம் வீணாகலாம் என்பதை நான் அனுபவத்தில் அறிந்தேன். ஆராய்ச்சி தொடங்கிய காலத்தில், உறைகுளிர்ப் பெட்டியில் இருந்த இன்டர்ஃபெரான் காமாவை எஃப்ஆர்டிஎல்-5 செல்களில் சேர்த்துவிட்டு ஆறு வாரங்கள் எந்த மாற்றமும் காணாமல் தவித்தேன். குப்பியின் மேல் 'மனித' என்று இருந்தது, செல்லோ எலியினுடையது. இன்டர்ஃபெரான் காமா தன் இனத்தின் ஏற்பியை மட்டுமே அறியும், மனிதனுடையது எலிச்செல்லில் வேலை செய்யாது. மனித இன்டர்லூக்கின்-1 பீட்டா எலிச்செல்லிலும் வேலை செய்யும் என்பதால், ஒன்று பலித்து மற்றொன்று பலிக்காதபோது குழப்பம் இன்னும் கூடுகிறது. மனித டிஎன்எஃப்-ஆல்ஃபா நடுவில் நிற்பது: கொறிவிலங்குகளின் முதல்வகை டிஎன்எஃப் ஏற்பியுடன் அது சேரும், இரண்டாம் வகையுடன் சேராது. செல் எந்த இனமோ அந்த இனத்தின் சைட்டோகைனையே வாங்குங்கள்.

அடுத்தது அலகு. பழைய கட்டுரைகள் அலகிலும் புதியவை நானோகிராமிலும் அளவைச் சொல்கின்றன. குப்பியுடன் வரும் தாளில் ஒரு மில்லிகிராமுக்கு 2 கோடி அலகு என்று இருந்தால், ஒரு நானோகிராமுக்கு 20 அலகு, அதாவது மில்லிலிட்டருக்கு 1,000 அலகு என்பது 50 நானோகிராம். தயாரிப்புக்குத் தயாரிப்பு இந்த விகிதம் மாறும் என்பதால், ஒவ்வொரு குப்பிக்கும் கணக்கைப் புதிதாகப் போட்டுக் குறிப்பேட்டில் ஒட்டிவையுங்கள். தூளைக் கரைக்கும்போது 0.1 விழுக்காடு ஆல்புமின் சேர்த்தால் புரதம் குழாயின் சுவரில் ஒட்டி வீணாகாது. ஒருமுறைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைத்து, உருக்கியதை மீண்டும் உறைய வைக்காதீர்கள்.

எவ்வளவு சேர்ப்பது என்பதற்குப் பிறர் கட்டுரையை மட்டும் நம்பாமல் அளவுத்தொடர் ஒன்றை நீங்களே நடத்த வேண்டும். இன்டர்ஃபெரான் காமாவுக்கு 10 முதல் 1,000 அலகு வரையும், டிஎன்எஃப்-ஆல்ஃபாவுக்கு 1 முதல் 20 நானோகிராம் வரையும், இன்டர்லூக்கின்-1 பீட்டாவுக்கு 0.01 முதல் 10 நானோகிராம் வரையும், எல்லாம் ஒரு மில்லிலிட்டருக்கு என்ற கணக்கில், தொடங்கலாம். கடைசியில் சொன்னதற்கு இவ்வளவு கீழிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மனிதத் தைராய்டு செல் வளர்ப்புகளில் இன்டர்லூக்கின்-1 பீட்டா மிகச் சிறிய அளவில் தைரோகுளோபுலின் சுரப்பைக் கூட்டியும் பெரிய அளவில் குறைத்தும் இருமுகம் காட்டியது பதிவாகியிருக்கிறது. ஒரே ஒரு அளவில் சோதிப்பவர் இதில் ஒரு முகத்தை மட்டுமே பார்ப்பார்.

இனி எண்டோடாக்சின். பாக்டீரியாவில் தயாரித்த புரதங்களோடு பாக்டீரியாச் சுவரின் இந்தப் பொருள் சிறிது ஒட்டிவரலாம். தைராய்டு செல்லில் அதற்கு டிஎல்ஆர்-4 ஏற்பி இருக்கிறது. எஃப்ஆர்டிஎல்-5 செல்களில் எண்டோடாக்சின், டிஎஸ்எச் தூண்டும் சோடியம்-அயோடைடு கடத்திப் புரதத்தை அதிகரிக்கிறது. சைட்டோகைன் குறைக்க, மாசு கூட்ட, இரண்டும் கழிந்து விளைவே இல்லை என்ற முடிவுக்கு நீங்கள் வரக்கூடும். ஆகவே சைட்டோகைனின் ஒரு பகுதியைக் கொதிநீரில் வைத்துச் செயலிழக்கச் செய்து ஒரு தனிக் குழியில் சேருங்கள். புரதம் வெப்பத்தில் சிதையும், எண்டோடாக்சின் தாங்கும். அந்தக் குழியில் ஏதேனும் நடந்தால் அது சைட்டோகைனின் வேலையன்று.

தட்டும் நேரமும்

நோயுற்ற சுரப்பியில் எந்தச் சைட்டோகைனும் தனியாக இருப்பதில்லை. எனவே இன்டர்ஃபெரான் காமா, டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-1 பீட்டா ஆகிய மூன்றையும், ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை என்ற கணக்கில் சேர்த்தால் எட்டுச் சேர்க்கைகள் வரும். ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று குழி என்றால் 24 குழித் தட்டு ஒன்று கச்சிதமாக நிரம்பும். வெப்பத்தில் செயலிழந்த சைட்டோகைனுக்கும், ஜாக் நொதிகளைத் தடுக்கும் ரக்சோலிட்டினிப் சேர்த்த குழிக்கும் இரண்டாவது தட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைக் கேள்விதான் தீர்மானிக்கும். ஸ்டாட்-1 பாஸ்பேட் ஏற்பதையும், என்எஃப்-கப்பா-பியின் பி-65 புரதம் உட்கருவுக்குள் நுழைவதையும் 15 முதல் 30 நிமிடத்தில் பார்த்துவிட வேண்டும், மறுநாள் பார்த்தால் அலை அடங்கியிருக்கும். ஐஆர்எஃப்-1 எம்ஆர்என்ஏ சில மணி நேரத்தில் உயரும். சிஎக்ஸ்சிஎல்-10ஐ ஊடகத்தில் 24 மணி நேரத்தில் அளக்கலாம். எச்எல்ஏ-டிஆர் மேற்பரப்பில் நன்றாகத் தெரிய 48 முதல் 72 மணி நேரம் ஆகும். கடத்திப் புரதமும் தைரோகுளோபுலினும் குறைவதைக் காணவும் ஒன்றிரண்டு நாள் பொறுக்க வேண்டும்.

அளத்தல்

சிஎக்ஸ்சிஎல்-10ஐ, எதிர்ப்பொருள் கொண்டு புரதத்தை அளக்கும் எலைசா முறையில் அளப்பது எளிய தொடக்கம். எதையும் சேர்க்காத முதன்மைத் தைராய்டு செல்களில் அது ஏறக்குறைய இல்லை, இன்டர்ஃபெரான் காமா சேர்த்தால் அளவுக்கு ஏற்ப உயரும், டிஎன்எஃப்-ஆல்ஃபா தனியாக ஒன்றும் செய்யாது, இரண்டும் சேர்ந்தால் கூட்டுத்தொகையைத் தாண்டிப் பாயும். விளக்கத்துக்காகக் கற்பனை எண்களை வைத்துக்கொண்டால், தனித்தனியே 400, 10 பிகோகிராம் கொடுத்தவை சேர்ந்து 2,500 கொடுக்கும்போதுதான் ஒத்தூக்கம் என்ற சொல்லைப் பயன்படுத்தலாம், 430 கொடுத்தால் அது வெறும் கூட்டல். இந்தப் பாய்ச்சலை எதிர்பார்த்து, மாதிரிகளைப் பத்து மடங்கும் நூறு மடங்கும் நீர்த்து முன்னோட்டம் பாருங்கள். இல்லையேல் எல்லாச் சேர்க்கைகளும் எலைசாவின் உச்சவரம்பில் முட்டி ஒரே அளவாகத் தெரியும்.

எச்எல்ஏ-டிஆரையும் ஃபாஸையும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார்க்கச் செல்களைத் தட்டிலிருந்து பெயர்க்க வேண்டும். டிரிப்சின் மேற்பரப்புப் புரதங்களைக் கடித்துவிடக் கூடியது என்பதால், ஈடிடிஏ போன்ற மென்மையான முறையை நாடுங்கள். சாயமேற்றும்போது தைராய்டு செல்லின் குறியம் ஒன்றையும் சிடி-45ஐயும் சேர்த்தே ஏற்றினால், எச்எல்ஏ-டிஆர் தாங்கியது எந்தச் செல் என்பதில் ஐயம் இராது. எஞ்சிய மேக்ரோபேஜுகள் இயல்பாகவே எச்எல்ஏ-டிஆர் தாங்குபவை.

எம்ஆர்என்ஏவை அளக்கும் கியூபிசிஆரில் ஒரு பொறி இருக்கிறது. பல ஆய்வகங்கள் மாறாத மரபணு என்று நம்பி பீட்டா-2 மைக்ரோகுளோபுலினை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்கின்றன. அது எம்எச்சி முதல்வகை மூலக்கூறின் பாகம், இன்டர்ஃபெரான் பட்டால் உயரும். அளவுகோலே நீண்டுவிட்டால் அளக்கப்படும் பொருள் சுருங்கியதாகத்தான் தெரியும். தைரோகுளோபுலின் எம்ஆர்என்ஏ பாதியாகக் குறைந்தது என்று எழுதும் முன், உங்கள் சைட்டோகைனுக்கு அசையாத இரண்டு மரபணுக்களைச் சோதித்துத் தேர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

அயோடைடு உள்ளிழுப்பை அயோடின்-125 என்னும் கதிரியக்க ஐசோடோப்பால் அளப்பதே பழைய, நம்பகமான முறை. அதன் அரைவாழ்வு ஏறக்குறைய 60 நாட்கள். அதற்கு உரிமமும் தனி இடமும் வேண்டும், இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியின்றி அதைத் தொட முடியாது. வசதி இல்லாதவர்கள் 1930களில் சாண்டெல், கோல்தாஃப் ஆகியோர் கண்ட வினையைக் கையாளலாம். மஞ்சள் நிறச் சீரியம் அயனியை ஆர்சனைட் நிறமற்றதாக்குகிறது, அயோடைடு அந்த வினையை முடுக்குகிறது. செல்கள் உள்ளிழுத்த அயோடைடு எவ்வளவு அதிகமோ அவ்வளவு விரைவாக மஞ்சள் மறையும். ஆர்சனிக் நஞ்சு என்பதால் கழிவைத் தனியே சேர்க்க வேண்டும். அயோடின் கலந்த கிருமிநாசினியை ஆய்வகத்தில் யாரேனும் அன்று திறந்திருந்தாலே அளவீடு கெட்டுவிடும், ஒப்பீட்டுக் குழிகளும் கண்ணெதிரே வெளுக்கும். எந்த முறையானாலும் பெர்குளோரேட் சேர்த்த குழி கட்டாயம். அது கடத்திப் புரதத்தை அடைத்துவிடும் என்பதால், அதன் பிறகும் எஞ்சும் அளவு உண்மையான உள்ளிழுப்பு அன்று.

தொழில் குறைவைக் காட்டும் எந்த அளவீட்டோடும் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்பதைச் சேர்த்தே காட்டுங்கள். பாதிச் செல்கள் இறந்துபோன குழியில் தைரோகுளோபுலின் பாதியாவது வியப்பன்று. எல்டிஎச் நொதி கசிவதை ஊடகத்திலேயே அளந்துவிடலாம்.

முடிவுகளைப் படிக்கும்போது

மூன்று நோயாளிகளின் திசுவில் தலா ஆறு குழிகள் வைத்தால் உங்கள் எண்ணிக்கை மூன்றுதான், பதினெட்டு அன்று. இதை மறந்த புள்ளியியல் எல்லாவற்றையும் முக்கியமான வேறுபாடாகக் காட்டும்.

எச்எல்ஏ-டிஆர் கிடைத்துவிட்டால் நோயின் காரணத்தையே கண்டுபிடித்துவிட்டதாகத் தோன்றும். 1983இல் பொட்டாத்ஸோ, புஹோல்-பொரெல், ஹனஃபூசா, ஃபெல்ட்மன் ஆகியோர் அப்படி ஒரு கருதுகோளை முன்வைத்தனர். தைராய்டு செல் தானே எச்எல்ஏ-டிஆரைத் தாங்கித் தன் புரதங்களை டி-செல்களுக்குக் காட்டி நோயைத் தொடங்கிவைக்கிறது என்பது அதன் சாரம். இரண்டே ஆண்டுகளில், இன்டர்ஃபெரான் காமா கொடுத்தால் இயல்பான தைராய்டு செல்லிலும் அது தோன்றும் என்று காட்டப்பட்டது. இன்டர்ஃபெரானைச் சுரக்க டி-செல்கள் முன்னரே வந்திருக்க வேண்டும் என்பதால், எச்எல்ஏ-டிஆரை நோயின் தொடக்கமாகக் கொள்வதைவிட அதன் விளைவாகக் கொள்வது பொருத்தமாயிற்று. அனுபவமற்ற டி-செல்லை விழிக்கச்செய்யத் தேவையான சிடி-80 போன்ற துணைச் சைகைகளும் தைராய்டு செல்லில் இல்லை. இருந்தும் அந்தக் கருதுகோளை நான் தோற்றுப்போனதாகக் கருதுவதில்லை. தைராய்டு செல்லைப் பேசும் செல்லாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அதுதான். தொடங்கிவைக்காவிட்டாலும், எரியும் அழற்சியை அணையாமல் வைத்திருக்கும் வேலையை அந்தச் செல் செய்யக்கூடும்.

ஃபாஸ் விவாதத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஹாஷிமோட்டோ செல்கள் ஃபாஸ் ஏற்பியையும் அதைத் தூண்டும் மூலக்கூறையும் ஒருங்கே தாங்கி, இன்டர்லூக்கின்-1 பீட்டாவின் தூண்டுதலால் ஒன்றையொன்று கொல்கின்றன என்று 1997இல் ஓர் ஆய்வு சொன்னது. அதில் பயன்பட்ட எதிர்ப்பொருளின் துல்லியம் பின்னர் கேள்விக்குள்ளானது. இயல்பான செல்லிலேயே ஃபாஸ் இருக்கிறது, ஆனால் செல் அதற்கு மசிவதில்லை, இன்டர்ஃபெரான் காமாவோடு டிஎன்எஃப் அல்லது இன்டர்லூக்கின்-1 சேர்ந்தால்தான் அந்தத் தடுப்பு உடைகிறது என்று வேறு ஆய்வாளர்கள் காட்டினர். கிரேவ்ஸ் நோயில் இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-10 ஆகியவை செல்லை இறப்பிலிருந்து காக்கும் புரதங்களைக் கூட்டுகின்றன என்பது 2000இல் வந்தது. ஒரே சுரப்பி ஒரு நோயில் அழிவதற்கும் மற்றொன்றில் பெருத்து அதிகமாகச் சுரப்பதற்கும் சைட்டோகைன் கலவையின் வேறுபாடு ஓரளவு காரணமாகலாம். ஆனால் கிரேவ்ஸில் டிஎஸ்எச் ஏற்பியைத் தூண்டும் எதிர்ப்பொருள் என்னும் முதன்மைக் காரணி இருப்பதை மறந்து எல்லாவற்றையும் சைட்டோகைன் தலையில் கட்டக் கூடாது.

தட்டில் கண்டது உடலிலும் நடக்கிறதா என்பதற்குச் சில சான்றுகள் கைவசம் உண்டு. தைராய்டில் மட்டும் இன்டர்ஃபெரான் காமா சுரக்கும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளில், பெரிய லிம்ஃபோசைட் படையெடுப்பு இல்லாமலே கடத்திப் புரதம் குறைந்து, சுரப்பியின் கட்டமைப்பு குலைந்து, தைராய்டு குறைபாடு ஏற்பட்டது. செல் சாகாமலேயே தொழிலைக் கைவிடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரியாது. மனிதர்களில், இன்டர்ஃபெரான் மருந்து பெற்ற மார்பகப் புற்றுநோயாளிகளுக்குத் தன்னுடல் தாக்குத் தைராய்டு நோய் வந்ததை 1985இல் மருத்துவர்கள் அறிவித்தனர். பின்னர் ஹெப்படைட்டிஸ்-சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஆல்ஃபா கொடுக்கப்பட்ட காலத்தில் இது எல்லா மருத்துவர்களும் எதிர்பார்த்துக் கண்காணிக்கும் பக்கவிளைவாயிற்று. அங்கே வேலை செய்தது ஆல்ஃபா, உங்கள் தட்டில் இருப்பது காமா, இரண்டுக்கும் ஏற்பிகள் வேறு என்பதை விவாதப் பகுதியில் தெளிவாக எழுதுங்கள்.

முதல்முறை இதைச் செய்பவர்கள் மூன்று சைட்டோகைன் தட்டோடு தொடங்க வேண்டாம். ஒரே நோயாளியின் இயல்பான திசு, இன்டர்ஃபெரான் காமா மட்டும், நான்கு அளவுகள், வெப்பத்தில் செயலிழந்த ஒரு குழி, அதே திசுவின் ஃபைப்ரோபிளாஸ்டுகள் ஒரு வரிசை, 24 மணி நேரத்தில் சிஎக்ஸ்சிஎல்-10 எலைசா என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு ஏற்ப ஏறும் கோடும், செயலிழந்த குழியில் வெறுமையும், சிடி-45 எண்ணிக்கையில் ஒரு விழுக்காட்டுக்குக் கீழான எச்சமும் ஒரே வாரத்தில் கிடைத்தால், அடுத்த திசுவுக்கு டிஎன்எஃப்-ஆல்ஃபாவைக் குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுக்கலாம்.